மானுடத்தின் மறுபாதியும் நிலப்படமும்
பெண்ணியப் புவியியல்: கொங்கு மண்ணிலிருந்து ஒரு மதிப்பீடு

நிலத்தை அளப்பதும் வழிகளைக் குறிப்பதும் ஊர்களின் இயல்பைப் பதிவுசெய்வதும் மனிதனின் மிகப் பழைய அறிவுத் தொழில்களுள் சில. முஸ்லிம் அறிஞர்கள் இக்கலைக்கு ஆற்றிய தொண்டை விரிவாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிசிலியின் அரசவையிலிருந்து 1154இல் இத்ரீசி அளித்த உலகப்படம் பல நூற்றாண்டுகள் வழிகாட்டியாக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளைச் சுற்றிவந்த இப்னு பதூதா மேற்குக் கரையின் ஹின்னாவூரை, இன்றைய ஹொன்னாவரை, விவரிக்கையில் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று கல்விக்கூடங்களும் ஆண்பிள்ளைகளுக்கு இருபத்துமூன்று கல்விக்கூடங்களும் இருந்ததைக் குறித்துவைத்தார். அவ்வூர்ப் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததையும் வியந்து எழுதினார். அதே பயணி மாலத்தீவில் காஜியாகப் பொறுப்பேற்றபோது பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற முயன்று தோற்றதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இவ்விரு குறிப்புகளும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. பயணியின் கண்ணுக்குப் பெண்கள் படுகிறார்கள், எண்ணப்படுகிறார்கள், தீர்ப்பிடப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பதின்மூன்று கல்விக்கூடங்களுக்குச் சிறுமியர் எவ்வழியே நடந்து சென்றார்கள், எந்த வயதில் அந்நடை நின்றுபோனது, அவ்வூரைப் பற்றி அவர்களே வரைந்திருந்தால் எதை முதலில் வரைந்திருப்பார்கள் என்னும் கேள்விகள் அந்நூலில் எழவில்லை. அக்கால நூலிடம் அதை நாம் எதிர்பார்க்கவும் முடியாது. வியப்பு என்னவெனில், நவீனப் புவியியல் பல்கலைக்கழகத் துறையாக நிலைபெற்று ஏறத்தாழ நூறாண்டுகள் கழியும்வரை அக்கேள்விகள் அங்கும் எழவில்லை என்பதே. அக்கேள்விகளை எழுப்பியதே பெண்ணியப் புவியியல் என்னும் துறையின் முதற் சாதனை. அத்துறை வளர்ந்த விதத்தையும், அதன் வலிமையையும் குறையையும், கோயம்புத்தூருக்கு மேற்கே நொய்யல் பிறக்கும் மலையடிவாரத்தில் அமைந்த தொண்டாமுத்தூரையும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டையும் உரைகல்லாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. துறையின் பிறப்பு

இலண்டன் அரச புவியியல் கழகம் 1892-93இல் இருபத்திரண்டு பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. உலகின் தொலைதூர நிலங்களில் தனித்துப் பயணம் செய்த இசபெல்லா பேர்டும் அவர்களுள் ஒருவர். உடனே எதிர்ப்பு மூண்டது, கதவு மூடப்பட்டது, அது மீண்டும் திறக்க 1913ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நிலத்தை நடந்து கண்டவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசும் அவையில் அமர இருபதாண்டுக் காலம் காத்திருந்தார்கள்.

உறுப்பினராவது ஒன்று; துறையின் கேள்விகளையே மாற்றுவது வேறொன்று. பின்னது 1970களில் தொடங்கியது. 1982இல் ஜேனிஸ் மங்க், சூசன் ஹான்சன் ஆகிய இரு அமெரிக்கப் புவியியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மானுடப் புவியியல் என்று பெயர் சூட்டிக்கொண்ட துறை மானுடத்தின் பாதியை விட்டுவிடலாகாது என்பது அதன் தலைப்பே தரும் செய்தி. 1984இல் பிரிட்டனின் பெண்கள் ஆய்வுக்குழு ஒன்று கூட்டாக எழுதிய அறிமுக நூல் வந்தது. 1987இல் ஜேனட் மோம்சனும் ஜேனட் டவுன்சென்டும் மூன்றாம் உலகின் பாலினப் புவியியல் பற்றித் தொகுத்தனர். பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தில் 1988இல் ஆய்வுக்குழுவாகத் தொடங்கிய பாலினப் பிரிவு 1992இல் ஆணையமாக உயர்ந்தது. 1993இல் ஜில்லியன் ரோஸ் இத்துறையின் கடுமையான தன்விமரிசனத்தை எழுதினார். 1994இல் பாலினம், இடம், பண்பாடு என்னும் மூன்று சொற்களைப் பெயராகக் கொண்ட ஆய்விதழ் தொடங்கியது. பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு முறையீடு ஒரு துறையாயிற்று.

இவ்வளர்ச்சியில் மூன்று படிநிலைகளை நாம் காணலாம். முதலாவது, விடுபட்டவர்களைச் சேர்த்து எண்ணும் நிலை. வேலைக்குச் செல்லும் தொலைவு, பேருந்து வசதி, பிள்ளைப் பராமரிப்பு, கடைவீதி என்று பெண்களின் அன்றாடம் அளக்கப்பட்டது. ஹான்சனும் ஜெரால்டின் பிராட்டும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரை ஆய்ந்து 1995இல் வெளியிட்ட நூல் இதன் சிறந்த கனி. வீட்டுப்பொறுப்பின் காரணமாகப் பெண்கள் அருகிலேயே வேலை தேடுகிறார்கள். அதை அறிந்த முதலாளிகள் குறைந்த கூலிக்குப் பெண்கள் கிடைக்கும் பகுதிகளை நாடித் தொழிலை அமைக்கிறார்கள். இவ்வாறு வீடும் ஆலையும் ஒன்றையொன்று இடத்தில் நிறுத்துகின்றன என்பதை அது காட்டியது.

இரண்டாவது நிலையில், இடமே ஆண்-பெண் உறவை உருவாக்குகிறது என்னும் கருத்து முன்வந்தது. டொரீன் மாசியும் லிண்டா மெக்டொவலும் 1984இல் எழுதிய கட்டுரை இங்கிலாந்தின் நான்கு பகுதிகளை ஒப்பிட்டது. டர்ஹாம் நிலக்கரிப் பகுதியில் ஆண்கள் சுரங்கத்துக்குள், பெண்கள் அடுப்படியில். லங்காஷயர் பருத்தி நகரங்களில் பெண்களும் ஆலைக்கு. கிழக்கு இலண்டனில் வீட்டுக்குள்ளேயே தையல் வேலை. ஃபென்ஸ் சமவெளியில் வயல்களில் கூட்டமாகக் கூலி வேலை. முதலாளியம் ஒன்றே, நாடும் ஒன்றே, ஆயினும் பெண்ணின் இடம் நான்கு. பெண்ணின் நிலையைப் பொதுவாகப் பேசுவோர் அனைவரும் ஒருமுறையேனும் படிக்கவேண்டிய கட்டுரை அது. 1989இல் ஜில் வாலன்டைன் பெண்களின் அச்சத்துக்கும் ஒரு நிலப்படம் உண்டென்று காட்டினார். எந்தத் தெருவை எந்நேரத்தில் தவிர்ப்பது என்று ஒவ்வொரு பெண்ணும் மனத்துக்குள் வைத்திருக்கும் படமே அது.

மூன்றாவது நிலையில் விமரிசனம் துறையின் அறிவுமுறைமீதே திரும்பியது. எங்கும் நில்லாமல் எல்லாவற்றையும் மேலிருந்து காணும் பார்வை என்று புவியியலாளர் பெருமை கொண்டதை, குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் ஆணின் பார்வையே அது என்று ரோஸ் வாதிட்டார். அளப்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் அளவையின் பகுதியாயிற்று.

2. நான்கு நிலங்களும் ஒரே நாட்டில்

மாசியும் மெக்டொவலும் ஒரு நாடு முழுவதும் தேடிக் கண்ட வேறுபாடுகளில் மூன்றை, பருத்தியாலை, தையல், வயற்கூலி ஆகிய மூன்றையும், கொங்கு நாட்டில் நூறு கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே காணலாம். கோயம்புத்தூரில் ஆலை, திருப்பூரில் பின்னலாடை, தொண்டாமுத்தூரில் தோட்டம். ஆகவே இத்துறையைச் சோதித்துப் பார்க்க இதனினும் பொருத்தமான மண் அரிது.

முதலில் ஆலை. 1888இல் ஸ்டேன்ஸ் நிறுவிய நூற்பாலையில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய கோயம்புத்தூர் ஆலைகளில் பெண்களும் உழைத்தனர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு மாலை ஏழு முதல் காலை ஆறு வரை பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்பே அதன் நோக்கம். ஆனால் மூன்று முறைமாற்றில் ஓடும் நூற்பாலையில் இரவுக்கு ஆகாதவர் பகலுக்கும் வேண்டாதவராவது எளிது. ஒரு கடிகார நேரம் ஒரு கட்டடத்தைப் பெண்ணுக்கு அயலாக்கியது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பெண் தொழிலாளர் தொடுத்த வழக்கில், அத்தடையை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கி, பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகள் விதித்தது.

கதவு திறந்தது; திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு சுவர் எழுந்தது. ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை வளாக விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்தபின் மொத்தமாகத் தரப்படும் தொகை திருமணச் செலவுக்கு உதவும் என்பது வாக்குறுதி. வெளியே செல்ல அனுமதி, பேசத் தொலைபேசிக்கு நேரம், வந்து பார்க்க உறவினருக்கு நாள் என்று ஒவ்வொன்றும் வரையறுக்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் 2011லும் 2014லும் வெளியிட்ட அறிக்கைகள் இதை உலகறியச் செய்தன. பெண் வீட்டைவிட்டு வெளியேறிப் பொதுவெளிக்கு வருதலே விடுதலை என்று தொடக்ககாலப் பெண்ணியப் புவியியல் ஓரளவு நம்பியிருந்தது. இங்கே பெண் வீட்டைவிட்டு முன்னூறு கிலோமீட்டர் வந்திருக்கிறாள், பொதுவெளிக்கு வரவில்லை. வீட்டின் காவலே ஆலையின் மேலாண்மையாக இடம்பெயர்ந்திருக்கிறது. வீடு-வெளி என்னும் இரட்டைப் பிரிவு இந்த விடுதியின் வாயிலில் முறிந்துபோகிறது.

அடுத்து திருப்பூர். புவியியலாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல் கொங்கு நாட்டைப் பற்றி உலகப் புவியியல் தந்த முதன்மையான நூல்களுள் ஒன்று. உழவுக்குடிகளில் பிறந்த ஆண்கள், தம் உழைப்பையே முதலாகச் சொல்லிக்கொண்டு, உறவும் கூட்டாளித்துவமும் துணையாக எப்படித் தொழில் உரிமையாளராயினர் என்பதை அது நுட்பமாக விளக்குகிறது. சகோதரர்களின் முதல் என்பதே நூற்பெயரின் பொருள். சகோதரியர் எங்கே என்னும் கேள்வியை அந்நூல் தவிர்க்கவில்லை. ஏற்றுமதிப் பெருக்கத்தோடு பெண்கள் பெருமளவில் தொழிலுக்குள் வந்ததையும், ‘உழைப்பு’ என்னும் பெருமைச்சொல் அவர்களுக்கு மட்டும் உரிமையைப் பெற்றுத் தராததையும் அது காண்கிறது. எனினும் நூலின் கதைநாயகர்கள் ஆண்களே. பிசிறு வெட்டும் பெண்ணின் வாய்மொழியில் தொடங்கி எழுதப்படும் திருப்பூர் வரலாறு வேறு வடிவு கொள்ளும். அதை எழுத இத்துறையே கருவி தந்திருக்கிறது என்பதால் இக்குறையைச் சுட்டுகிறோம்.

மூன்றாவது தொண்டாமுத்தூர். வெள்ளியங்கிரி மலைத்தொடரின் நிழலில், தென்னையும் பாக்கும் வாழையும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் விளையும் ஊர். கொங்கு நாட்டுக் குடியமைப்பின் தனித்தன்மை, நெருக்கமான ஊர்த்தெருவை விட்டு அவரவர் தோட்டத்தில் சாளை அமைத்துத் தனித்து வாழும் வழக்கம். கிணற்றுப் பாசனத்துக்கு ஏற்ற அமைப்பு இது. ஆனால் அண்டை வீடு கூப்பிடு தொலைவில் இல்லாத சாளையில் ஒரு மருமகள் வாழும் வாழ்வும், தெருவில் திண்ணைக்குத் திண்ணை பேச்சு நடக்கும் ஊரில் வாழும் வாழ்வும் ஒன்றல்ல. நடவும் களையெடுப்பும் வெங்காய அறுப்பும் பாக்கு உரிப்பும் பெண்கள் கையில். தண்ணீர் பாய்ச்சும் மின்மோட்டாரும் சந்தைக்குச் செல்லும் வண்டியும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் ஆண்கள் கையில். மலையடிவாரப் பதிகளில் வாழும் இருளர் பெண்களுக்கோ காடு வேறொரு கணக்கு. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் செல்லும் வழி யானையின் வழியுமாகும். வனத்துறையின் படத்தில் யானை வழித்தடம் கோடாக உண்டு. விறகு சுமப்பவளின் ஒற்றையடிப்பாதை எந்தப் படத்திலும் இல்லை. மோதலைத் தவிர்க்கத் திட்டமிடுவோர் இவ்விரு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தல் வேண்டாமா?

3. சராசரிகள் மறைப்பது

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சரஸ்வதி ராஜு. அவரும் உடனாசிரியர்களும் 1999இல் வெளியிட்ட இந்தியப் பெண்கள்-ஆண்கள் நிலப்படத் தொகுப்பு கல்வி, வேலை, உயிர்ப்பு ஆகியவற்றை நிலப்படத்தில் ஏற்றி, பாலின வேறுபாட்டுக்கு நிலம்சார் ஒழுங்கு உண்டென்று நிறுவியது. பின்னர் டெல்லியில் அனிந்திதா தத்தா முதலியோர் வட்டாரப் பாலின நிலக்காட்சி என்னும் கருத்தை வளர்த்தெடுத்தனர். இப்பணிகளின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இத்தகைய படங்களைப் படிப்போர் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: வடக்கு பெண்ணுக்குக் கொடிது, தெற்கு நல்லது. முறைப்பெண் மணமும் பிறந்தகத்தின் அண்மையும் தென்னிந்தியப் பெண்ணுக்கு வலிமை தருகின்றன என்னும் மானிடவியல் விளக்கம் இதற்குத் துணை. கொங்கு மண் இம்முடிவைத் தடுமாறச் செய்கிறது. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம். தொழில் வளமும் குறைந்த பிறப்பு விகிதமும் பெண்கல்வியும் கொண்ட தமிழகத்தின் மேற்குப் புறத்திலேயே பெண் பிறப்பு சுமையாகக் கருதப்பட்டது. வளம் வந்தால் பெண் உயர்வாள் என்னும் சமன்பாடும், தெற்கென்றால் பெண் வாழ்வாள் என்னும் சமன்பாடும் இங்கே ஒருங்கே பொய்க்கின்றன. மாவட்டச் சராசரிக்குள் சாதி, நிலவுடைமை, பாசனம், மணக்கொடை ஆகியவை எவ்வாறு பின்னியுள்ளன என்பதைத் தெருவளவில், தோட்ட அளவில் ஆராய்ந்தாலன்றி விடை கிடைக்காது. பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்கு உழவர் சமுதாயம் பற்றிய நூல் இவ்வட்டாரத்தின் குடியமைப்பைச் சாதி வழியே நுணுகிக் கண்டது. மானிடவியல் அங்கே செய்ததைப் புவியியல் இன்னும் முழுமையாகத் தொடரவில்லை.

சராசரி மறைக்கும் இன்னொன்று பட்டா. இந்து மகளிருக்குப் பிதிரார்ஜிதச் சொத்தில் சமபங்கை 1989இல் தமிழகச் சட்டத்திருத்தமும் 2005இல் மத்தியச் சட்டத்திருத்தமும் அளித்தன. முஸ்லிம் மகளிரைப் பொறுத்தவரை, 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருந்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. எனவே தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் மகளுக்கு, குர்ஆன் விதித்த பங்கு தோட்டத்திலும் வயலிலும் சட்டப்படியே உரியது. இதை அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்தும் அளிப்பவர் எத்தனை பேர்? 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி உடைமைகளுள் ஏறத்தாழ 14 விழுக்காடே பெண்கள் பெயரில் இருந்தது. 2019இல் தொடங்கிய உழவர் உதவித்தொகை நில உடைமையை அடிப்படையாகக் கொண்டது. களையெடுப்பவள் உழைப்பாளி; பட்டாதாரரே உழவர். பீனா அகர்வால் 1994இலேயே விரித்துரைத்த இவ்வுண்மையைச் சமயங்கள் அனைத்தும் தத்தம் இல்லத்தில் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

4. திரைக்கு அப்பால்

இத்துறை முஸ்லிம் பெண்ணை எவ்வாறு கண்டது என்னும் கேள்வி நம் வாசகர்க்கு நெருக்கமானது. நீண்டகாலம் மேற்கத்திய எழுத்தில் முஸ்லிம் பெண் என்றால் திரை. திரை என்றால் இஸ்லாம். அவள் வாழ்வில் வேறெதுவும் விளக்கம் பெறத் தேவையில்லை. மூன்றாம் உலகப் பெண்ணை ஒரே அச்சில் வார்க்கும் போக்கை சந்திரா மொஹந்தி 1984இலேயே கண்டித்திருந்தார். புவியியலுக்குள் அக்கண்டனத்தைச் செயலாக்கிய நூல், காஸி-வலீத் ஃபலாஹும் கரோலின் நேகலும் 2005இல் தொகுத்த முஸ்லிம் பெண்களின் புவியியல்கள். பெயரிலேயே பன்மை. வர்க்கம், குடியேற்றம், அரசு, நகரம் ஆகியவற்றோடு சேர்த்தே சமயத்தைக் காணவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அன்னா செகோர் 2002இல் இஸ்தான்புல் பற்றி எழுதிய ஆய்வில், ஒரே நகரில் ஒரு பகுதியில் முக்காடு இயல்பும் மற்றொரு பகுதியில் முக்காடின்மை இயல்புமாகி, ஒவ்வொரு தெருவும் தனக்கென எழுதா விதி வைத்திருப்பதைக் காட்டினார். உடையின் பொருளை உடுத்தியவளோடு அவள் நிற்கும் தெருவும் தீர்மானிக்கிறது.

சமீரா கான் 2007இல் மும்பை முஸ்லிம் பகுதிகளைப் பற்றி எழுதியது நமக்கு மேலும் அண்மையானது. கலவரத்துக்குப் பின் முஸ்லிம்கள் தம் பகுதிகளுக்குள் ஒடுங்க, அவ்வொடுக்கத்தின் சுமை பெண்களின் நடமாட்டத்தின்மீதே முதலில் விழுந்தது என்பது அவர் கண்டது. கோயம்புத்தூர் அறிந்த பாடமே இது. 1997 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். அதன்பின் கோட்டைமேடு, உக்கடம் என்னும் பெயர்களே நகரின் அச்சப் படத்தில் எல்லைக்கோடுகளாயின. ஆண்கள் சிறையிலிருந்த இல்லங்களில், அதுவரை கடைவீதிக்கும் தனித்துச் செல்லாத பெண்கள் நீதிமன்றத்துக்கும் சிறை வாயிலுக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் வழி கற்றுக்கொண்டனர். அச்சம் ஒருபுறம் அவர்களைக் குறுக்கியது; துயரம் மறுபுறம் நகரைக் கற்பித்தது. வாலன்டைனின் படத்தில் பெண் அஞ்சுவது அயல் ஆணை. இங்கே அச்சத்தின் ஊற்றுகள் கலவரக் கும்பல், காவல் சோதனை, அண்டை அயலாரின் ஐயப்பார்வை எனப் பலவாயின. இந்நகரின் அப்பெண்கள் கற்ற வழிகளை யாரேனும் பதிவுசெய்ய வேண்டும்; அவர்களுள் பலர் முதுமையை எட்டிவிட்டனர்.

தமிழ் முஸ்லிம் வாழ்வு இத்துறைக்குக் கற்பிக்கவும் பல வைத்திருக்கிறது. காயல்பட்டினத்தில் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்கு எனப்படும் ஒடுங்கிய சந்துகள் உண்டு. மேலோட்டமாகக் காண்பவர் இதைப் பிரித்துவைத்தலின் அடையாளம் என்பர். அவ்வூரிலேயே வீடு மகளுக்கு உரியது; மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். கீழக்கரையிலும் இலங்கையின் கீழ்க்கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் மகளுக்கு வீடளிக்கும் இவ்வழக்கம் உண்டு. தெருவில் ஒதுங்கியவள் வீட்டின் உரிமையாளி; அந்நியன் அங்கே மாப்பிள்ளையே. வீடு என்பது பெண்ணின் சிறை என்னும் பொதுவாய்பாடு இங்கே எவ்வாறு பொருந்தும்? இவ்வழக்கம் சுமையற்றது என்று நாம் சொல்லவரவில்லை. மூன்று மகள்களுக்கு மூன்று வீடு கட்டவேண்டிய தந்தையின் கடன் கண்ணீர் நிரம்பியது. ஆயினும் உரிமையும் நடமாட்டமும் எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் ஊர்கள் அரிது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்கில் புதிய வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ என்னும் அலுவலகச் சொல்லின் பேரில் ஆண்களுக்கு எழுதப்பட்டபோது, பெண்ணுரிமையின் பழைய நிலப்படம் ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் அழியும் ஆபத்து எழுந்தது. அங்குள்ள பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தன.

இதன் மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத்தைக் கூட்டி, பெண்களுக்கான பள்ளிவாசலொன்றை எழுப்பவும் முனைந்தபோது, எழுந்த வாதம் அடிப்படையில் புவியியல் வாதமே. மணமுறிவும் ஜீவனாம்சமும் பள்ளிவாசல் வளாகத்தில் பேசித் தீர்க்கப்படுகின்றன. அவ்வளாகத்துக்குள் வழக்குக்குரிய பெண் நுழைவதில்லை. அவள் வாழ்வு அவள் இல்லாத இடத்தில் முடிவாகிறது என்பதே அவர்கள் முன்வைத்த முறையீடு. அவர்கள் தெரிந்த வழியில் கருத்து வேறுபாடு கொண்டோர் பலர், அவ்வேறுபாடு மதிப்புக்குரியது. ஆனால் முறையீட்டின் உள்ளடக்கத்துக்கு விடை தேவை. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பெண்கள் தொழுதார்கள், கேள்வி கேட்டார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஒரு காலத்தில் இருந்த இடம் பின்னர் எப்படிச் சுருங்கியது என்பது சமய ஆய்வுக்கும் புவியியல் ஆய்வுக்கும் பொதுவான கேள்வி. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தபோது, பருவமெய்திய சிறுமியின் உலகம் தெருவிலிருந்து மாடிச் சன்னலுக்குச் சுருங்குவதைத் தமிழ் வாசகர் கதையாக உணர்ந்தனர். புவியியல் அதே சுருக்கத்தை அளந்து காட்டவேண்டிய இடத்தில் நிற்கிறது.

5. மொழியும் திணையும்

இத்துறையின்மீது நாம் வைக்கும் முதன்மையான குறை அதன் மொழி. ரோஸ் எழுதியதுபோல் அளப்பவர் நிற்கும் இடம் அளவையின் பகுதி என்றால், எழுதப்படும் மொழியும் அதன் பகுதியே. தொண்டாமுத்தூர் வயலில் திரட்டிய தரவு ஆங்கில ஆய்விதழில் கருத்தாகி, தமிழுக்குத் திரும்பாமலே முடிகிறது. சொன்னவள் தன் சொல்லைப் படித்தறிய வழியில்லை.

சென்னையில் புவியியல் சங்கம் 1926இலேயே தோன்றி இதழும் நடத்தியது. நாட்டின் தொடக்ககாலப் புவியியல் இயக்கங்களுள் அது ஒன்று. ஊராய்வு அங்கே விரும்பிச் செய்யப்பட்டது. அம்மரபு பெண்ணின் அன்றாடத்தை நோக்கித் திரும்பியிருக்கலாம். கோயம்புத்தூரிலேயே 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி மகளிர்க்கெனத் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அடுப்பு, நீர், உணவு, இடம், நேரம் ஆகியவற்றை முறையாகப் பயிலும் மனையியல் ஒருவகையில் வீட்டின் புவியியல். அதை இல்லறப் பயிற்சியாகக் கண்டோமேயன்றி அறிவுத்துறையாகக் காணவில்லை. வீட்டைப் பெண்கள் கல்லூரிக்கும் நாட்டை ஆண்கள் கல்லூரிக்கும் பிரித்துக் கொடுத்த பாடத்திட்டமே ஒரு நிலப்படம்தான்.

நிலத்தையும் மனிதவுணர்வையும் ஒன்றாகக் கண்ட மரபு தமிழுக்குப் புதிதன்று. திணைக் கோட்பாடு நிலம், பொழுது, தொழில், அகவொழுக்கம் ஆகியவற்றை ஒரே கட்டமைப்பில் வைத்தது. பொழுதை நிலத்தோடு சேர்த்தெண்ணியது. மாலை ஏழுமணித் தடையையும் கடைசிப் பேருந்தையும் பெண்ணின் வெளியை வரையும் கோடுகளாக இன்று ஆய்வாளர் கண்டறிகையில் அவர்கள் அணுகுவது இக்கருத்தையே. அதே சமயம் அம்மரபிலேயே காத்திருப்பவள் தலைவி, பிரிந்து செல்பவன் தலைவன் என்னும் பங்கீடும் உறைந்திருப்பதை மறக்கலாகாது. மரபை எடுத்தாளும்போது அதன் கோணலையும் சேர்த்தே காண்பதுதான் விமரிசனம்.

கருத்து செயலாகும் இடத்தில் இத்துறை எவ்வளவு பயன்படும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2021 மே மாதம் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, பயன்பெற்ற பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்தியதாகக் கூறியது. புவியியல் கண் அதற்குமேலும் கேட்கும்: மிச்சமானது பணம் மட்டுமா? கணவனிடம் பேருந்துக் காசு கேட்காமல் அவள் சென்ற இடங்கள் எவை? கட்டணம் போனபின்னும் தோட்டத்துச் சாளையிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை உள்ள இருட்டு போயிற்றா? பேருந்து செல்லாத பதிகளுக்கு இச்சலுகையின் பொருள் என்ன?

இத்தகைய கேள்விகளைக் கேட்கப் பெருநிறுவனங்கள் தேவையில்லை. ஓர் ஊரின் பெண்கள் கூடித் தம் ஊரைத் தாமே ஒரு தாளில் வரையட்டும். நடக்கும் வழி, தவிர்க்கும் வழி, தண்ணீர், கழிப்பிடம், கூலி கிடைக்கும் களம், குரல் கேட்கப்படும் அவை ஆகியவை அதில் இடம்பெறட்டும். ஊராட்சியின் படத்தோடும் ஜமாஅத்தின் பதிவேட்டோடும் பட்டாப் புத்தகத்தோடும் அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கல்லூரி மாணவியர் அதைத் தமிழில் எழுதி அவ்வூரிலேயே படித்துக் காட்டட்டும். வாரிசுப் பங்கீட்டின்போது மகளின் பெயர் நிலத்தின் எந்த எல்லையில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அத்தாளில் குறிக்கட்டும்.

பெண்ணியப் புவியியல் மேற்கில் பிறந்தது என்பதற்காக அதை விலக்குவதும், மேற்கில் பிறந்தது என்பதற்காகவே ஏற்பதும் அறிவுடைமையாகா. யார் எங்கே, எப்பொழுது, என்ன விலை கொடுத்துச் செல்லமுடிகிறது என்னும் அதன் கேள்வி எம்மண்ணுக்கும் உரியது. நீதியைக் கடமையாகக் கொண்ட எச்சமயத்துக்கும் உரியது. ஆலை விடுதியின் வாயில், தோட்டத்துச் சாளை, பதியின் ஒற்றையடிப்பாதை, கோட்டைமேட்டுத் தெரு, காயல் முடுக்கு ஆகிய ஐந்தும் ஒரே படத்தில் இடம்பெறும் நாளில்தான், மானுடத்தின் பாதியை விட்டுவிடாதீர் என்று 1982இல் எழுந்த முறையீடு தமிழில் செவிசாய்க்கப்பட்டதாகும்.